இரண்டு கதவும் ஒரே மாதிரி

எங்கள் முதியோர் குடியிருப்புக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே குழு வந்துவிட்டது.

நோய் அப்போது ஊருக்குள் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே வரலாம், வராமலும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். குழுவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. காலையில் வந்தது, மத்தியானம் பலகை மாட்டியது, சாயங்காலம் டீ குடித்தது. பெயர் தயார்நிலைக் குழு. எதற்குத் தயார் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தயார் என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டினவன் நான். 'எல்லாம் ரெடிண்ணே' என்று சொன்ன கிளீனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டெப்னி இல்லாமல் நடுக்காட்டில் நின்றிருக்கிறேன்.

குழுவுக்கு ஒரு தலைவர். மேல் மாடியில் குடியிருப்பவர். வேலையில் இருந்த காலத்தில் எந்த ஆபீஸில் என்ன கிழித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் மைக் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அதைத்தான் செய்திருப்பார் என்று தோன்றும். மைக் இல்லாத நேரத்தில் டீ கிளாஸைக்கூட மோவாய்க்குக் கீழே சாய்த்துத்தான் பிடிப்பார். குடிக்கிறாரா, பேசப்போகிறாரா என்று நாம் காத்திருக்க வேண்டும்.

டேபிள் டென்னிஸ் ஆடுகிற கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். மேசைகளின் மேல் மெத்தை போட்டார்கள். ஒரு மேசையில் வலையைக் கழற்ற மறந்து அதன் மேலேயே மெத்தையைப் போட்டுவிட்டதால் அது நடுவில் திமில் மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கான விசேஷப் படுக்கை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். தலைவர் பேசினார்.

"இந்தப் படுக்கைகளில் ஒருவர்கூடப் படுக்கக் கூடாது என்பதே நமது லட்சியம்!"

எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். நல்ல மனுஷன், நாம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது ஆசை இல்லை, சட்டம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் என் வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. வெளியே, ஊருக்குள் இருக்கிற கண் ஆஸ்பத்திரியில். நல்லபடியாக முடிந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து போட வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று கண் டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். "தவறினா அப்புறம் அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். அவளுக்குக் கை நடுங்கும். அவளே போட்டுக்கொண்டால் மூக்கு குளிரும், காது குளிரும், தலையணை குளிரும், கண்ணுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. அதனால் சொட்டு விடுவது என் வேலை. ஸ்டீயரிங் பிடித்த கை. இன்னும் ஆடவில்லை.

அன்று காலையில் மருந்து விட்டுவிட்டு, "கண்ணை மூடிட்டுப் படு. நான் வந்து சொல்ற வரைக்கும் தொறக்காதே" என்றேன்.

"எங்க போறீங்க?"

"மாதிரி கொடுக்கத்தான். மூக்குல குச்சி விட்டு எடுப்பாங்களாம். எல்லாரும் கட்டாயம் கொடுக்கணுமாம். படுத்திருக்கறவங்களுக்கு ரூமுக்கே வந்து எடுப்பாங்க. நடக்கறவங்க போகணும்."

"சீக்கிரம் வந்துடுவீங்கல்ல?"

"மூக்குல என்னடி இருக்கு, நேரமாகறதுக்கு?"

மூக்கில் ஒன்றும் இல்லைதான். வம்பு வேறு இடத்தில் இருந்தது.

கூடத்துக்கு முன்பக்கம் இரண்டு கதவு. இந்தப் பக்கம் 'மாதிரி சேகரிக்கும் அறை', அந்தப் பக்கம் 'மாதிரி மருத்துவமனை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார் தலைவர். மற்ற குடியிருப்புகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டாக விளங்கும் மருத்துவமனையாம், அதனால் மாதிரி மருத்துவமனை. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டார். பெயிண்டர் சொன்னதைக் கேட்கிறவன். பெரிதாகவே எழுதினான். இரண்டு பலகையிலும் முதல் வார்த்தையோடு பலகை தீர்ந்துவிட்டது.

ஆக, இந்தக் கதவிலும் மாதிரி. அந்தக் கதவிலும் மாதிரி.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். இரண்டையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். வித்தியாசம் வரவில்லை. நடுவில் செக்யூரிட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, எந்தக் கதவு?"

"எதுக்கு வந்தீங்க பெரியவரே?"

"மாதிரிக்கு."

"ரெண்டும் மாதிரிதான்."

"ரெண்டும் ஒரே மாதிரியா?"

"சேச்சே. அது வேற மாதிரி, இது வேற மாதிரி."

"அப்ப நான் எந்த மாதிரி?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உடம்பு எப்படி இருக்கு?"

காலையில் டீகூடக் குடிக்காமல் வந்திருந்தேன். "ஒரு மாதிரியா இருக்கு" என்றேன்.

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்று அந்தப் பக்கக் கதவைத் திறந்து என்னை உள்ளே தள்ளினான்.

உள்ளே நுழைந்ததும் கைதட்டல். "வந்துட்டார், வந்துட்டார்!" என்று ஒரே குதூகலம். தலைவர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு மூக்குச் சளிக்கு இத்தனை வரவேற்பா என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி, முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கி ஒன்றை மாட்டினார்கள். கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அதிலும் முதல் வார்த்தை மாதிரிதான். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நிம்மதியாகிவிட்டது. அட்டையில் அதற்குப் பிறகு 'நோயாளி' என்று இருந்ததைப் படிப்பதற்குள் திமில் மெத்தையில் ஏற்றிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். அன்றைக்கு மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள். எந்தக் குடியிருப்பு நோய்க்கு நன்றாகத் தயாராக இருக்கிறதோ, அதற்கு முழுத் தயார்நிலைக் கேடயம் கொடுப்பார்கள். அதற்காக ஒரு நோயாளி வந்து சேர்கிற மாதிரி, சிகிச்சை நடக்கிற மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். நோயாளியாக நடிக்க ஆள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள். கீழ் மாடியில் இருக்கிற ரேடியோ. வாயை மூடவே மாட்டார், அதனால் அந்தப் பெயர். தன் பாகத்துக்காகப் பல நாளாக வராந்தாவில் நின்று இருமிப் பழகிக்கொண்டிருந்தார். அந்த ஒத்திகை இருமல் எப்போது நிஜ இருமலாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. அன்று காலை அவர்தான் நான் போக வேண்டிய கதவுக்குள் போய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார். நோயாளி என்று ஒரு ஆள் வந்தால் போதும், யாராக இருந்தால் என்ன என்று குழு இருந்துவிட்டது.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன் நான்.

"பிரமாதம்!" என்றார் தலைவர். "எல்லா நோயாளியும் மொதல்ல அப்படித்தான் சொல்வான். எவ்வளவு இயல்பா பண்றார் பாருங்க."

"நெசமாத்தான் சொல்றேன். என்னை விடுங்க. என் பொண்டாட்டி கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கா."

"ஐயோ, உருக்கமா இருக்கே! இதை அவங்க வரும்போது சொல்லுங்க. இப்பவே வீணாக்காதீங்க."

வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் வந்தார். முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தினம் காலையில் புல்வெளியில் நின்று எங்களைக் கையைத் தூக்கு, கையை இறக்கு என்று படுத்துகிற டிரில் மாஸ்டர்.

"நீங்க டாக்டரா?"

"மாதிரி டாக்டர்" என்று காதோடு சொன்னார். "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

என் நெற்றிக்கு நேரே காய்ச்சல் துப்பாக்கியை நீட்டினார். ஒரு நம்பர் காட்டியது. சுவருக்கு நேரே நீட்டினார். அதே நம்பர். சுவருக்கும் எனக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றிருந்தது. தட்டிப் பார்த்தேன். ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் வைப்பார்களே, அந்தத் தூண் மாதிரி டொப்பென்று சத்தம் வந்தது.

நிஜமாக அங்கே இருந்தது நர்ஸ் ஒருத்திதான். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். அவளிடம் கேட்டேன்.

"என்னை எப்பம்மா விடுவீங்க?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "விடறதுக்கு ஒத்திகை பார்க்கலீங்க தாத்தா. சேர்க்கறதுக்கு மட்டும்தான் பார்த்தோம்."

"அதுக்கென்ன, இப்ப பார்த்துடலாம். நான் எழுந்து போறேன், நீ பாரு."

"நோய் இல்லைன்னு ரிசல்ட் வந்தாத்தான் விடலாம். அதுக்கு உங்ககிட்ட மாதிரி எடுக்கணும்."

"அதுக்குத்தானம்மா நான் வந்ததே! எடு!"

"நீங்க மாதிரி நோயாளி தாத்தா. உங்ககிட்ட எடுத்தா அது மாதிரியோட மாதிரி. லேப்ல வாங்க மாட்டாங்க."

அவள் கிண்டல் பண்ணவில்லை. முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவாள் போல இருந்தது. ஆரோக்கியமாக இருக்கிறவனைக் குணப்படுத்த அந்த ஆஸ்பத்திரியில் வழி இல்லை, அவ்வளவுதான்.

மேலிடத்துக்காரர்கள் வந்தார்கள். முன்னால் ஒரு பெரிய அம்மா. பின்னால் குறிப்பெடுக்கிறவர், அவருக்குப் பின்னால் பிஸ்கட் தட்டு. தலைவர் மைக்கைப் பிடித்தார். அந்த அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை. ஆனாலும் மைக்.

"வணக்கத்துக்குரிய அம்மா அவர்களே! எங்கள் ஆக்சிஜன் சிலிண்டரைப் பாருங்கள். ஒருமுறைகூடத் திறந்ததில்லை. புத்தம் புதிதாகக் காத்து வருகிறோம். எங்கள் ஆம்புலன்ஸைப் பாருங்கள்!" ஜன்னல் வழியாகக் காட்டினார். வெளியே விழா மேடைக்குப் பின்சுவராக ஆம்புலன்ஸைத்தான் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் மேடை, இரண்டு பக்கமும் பூந்தொட்டி. "வாங்கிய நாளிலிருந்து ஓர் அடி நகர்ந்ததில்லை. அந்த அளவுக்குத் தயார்! எங்கள் படுக்கைகள் சுருக்கம் படாதவை. சிகிச்சை அளித்தால் தயார்நிலை குறைந்துவிடும் என்பதை நாங்கள் அறிவோம். அதனால் ஒருபோதும் சிகிச்சை அளித்ததில்லை!"

பெரிய அம்மா, "ம்" என்றார். குறிப்பெடுக்கிறவர் அந்த 'ம்'மை எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு பெண்மணி ஓடி வந்து என் கட்டிலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க! உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா!" என்று உச்சத்தில் எடுத்தார்.

"யாரும்மா நீங்க?" என்றேன்.

"மாதிரி மனைவி" என்று மூச்சு வாங்குகிற இடைவெளியில் சொல்லிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார். சுருதி சுத்தமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். திரும்பினேன். என் வீட்டுக்காரி. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் செக்யூரிட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சொட்டு மருந்து பாட்டிலோடு நின்றாள். மத்தியான வேளை வந்துவிட்டது. நான் வந்து சொல்கிறவரைக்கும் திறக்காதே என்று சொன்னேன் அல்லவா? திறக்கவே இல்லை. அப்படியே மாடி இறங்கி, வராந்தா தாண்டி வந்திருக்கிறாள்.

ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். கிருமி நுழையாமல் இருக்க நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கிருமி உள்ளே இருந்தால் வெளியே போகவும் வழி இல்லை.

"என்னங்க, உள்ள இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

"இருக்கேன்டி!"

"அது யாரு அழுவறது?"

"என் பொண்டாட்டி" என்றேன்.

அவள் மூடின கண்ணோடு முகத்தை நிமிர்த்தினாள். "அப்ப நான் யாரு?"

"நீ நெசப் பொண்டாட்டி. இவங்க மாதிரிப் பொண்டாட்டி."

"நல்லாருக்கு. கண்ணை மூடிட்டுக் கெடன்னு சொன்னது இதுக்குத்தானா?"

"அடியே, வாயை மூடுடி, உள்ள வாடி!"

செக்யூரிட்டி குறுக்கே வந்தான். "உள்ள விட முடியாதும்மா. நோயாளியோட மனைவி ஏற்கெனவே உள்ள இருக்காங்க."

"நான்தான்டா அவர் மனைவி. உண்மையான மனைவி!"

"உண்மையானவங்களுக்கு இன்னிக்கு அனுமதி இல்லீங்கம்மா" என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாட்டிக்குச் சொட்டு மருந்தை நானே போய் விட்டுடுவேன் தாத்தா. ஆனா இந்தக் கதவைத் தாண்டினா என்னைத் திரும்ப உள்ள விட மாட்டாங்க. அப்புறம் இங்க நெசமா ஒருத்தருக்கு ஏதாவது ஆனா பார்க்க ஆளே இல்லை."

"இங்கேருந்து வெளிய போக வழியே இல்லையாம்மா?"

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆம்புலன்ஸ்."

வெளியே பார்த்தேன். ஆம்புலன்ஸ் பூந்தொட்டிகளுக்கு நடுவில் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. "ரெண்டாவது?"

அவள் குரலைத் தணித்தாள். "பின்கதவு. இறந்து போனவங்களைக் கொண்டு போறதுக்கு. அதை மட்டும் நல்லா ஒத்திகை பார்த்து வெச்சிருக்காங்க. ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கு."

டேப் ஒட்டின கண்ணாடிக்கு வெளியே என் வீட்டுக்காரியின் காது நன்றாக இருந்தது. "அப்ப என்ன யோசனை?" என்று கத்தினாள். "சீக்கிரம் செத்துத் தொலைங்க. கண்ணு எரியுது!"

"பின்பக்கம் போய் நில்லு" என்றேன்.

அதற்கு மேலிடத்து அம்மாவே வழி பண்ணிக் கொடுத்தார். பிஸ்கட்டை முடித்துக்கொண்டு, "இறப்பு ஏதாவது?" என்று கேட்டார்.

"பூஜ்யம் அம்மா!" என்றார் தலைவர். "நோயாளியே கிடையாதே!"

"அப்ப இறப்பு நேர்ந்தா எப்படிச் சமாளிப்பீங்கன்னு பார்க்க முடியாது, இல்லையா?"

தலைவர் முகம் விழுந்துவிட்டது. கேடயம் கைநழுவுகிற மாதிரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் செத்துப்போனேன்.

நாக்கைக் கொஞ்சம் வெளியே விட்டேன். தலையைத் தொங்கப் போட்டேன். பாட்டு டீச்சர் முதலில் திடுக்கிட்டார். அப்புறம் இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் இன்னொரு தடவை வராது என்று புரிந்துகொண்டு, இதுவரை எடுக்காத உச்சத்தில் ஒரு அலறல் எடுத்தார். மேலிடத்து அம்மாவின் கையிலிருந்த கப் நடுங்கியது. டிரில் மாஸ்டர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சார், நாடி துடிக்குதே" என்று தலைவர் காதில் கிசுகிசுத்தார்.

"துடிக்கிற மாதிரிதான் இருக்கும், விடுங்க" என்றார் தலைவர். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மைக்கை மோவாய்க்குக் கொண்டுபோனார்.

"பெரியோர்களே! சற்றுமுன் இந்த மாமனிதர் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் மட்டும் இறக்காமல் இருந்திருந்தால், நமது இறுதி ஏற்பாடுகளை அம்மா அவர்களுக்குக் காட்டும் பேறு நமக்குக் கிடைத்திருக்காது. வாழ்ந்த காலத்தில் குழுவைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தவர், தன் மரணத்தால் குழுவுக்குப் பெருமை சேர்த்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். அவர்களும் தயாராக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். இப்போது மௌன அஞ்சலி. நான் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்க வேண்டாம்!"

எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். நர்ஸ் என்னை ஸ்ட்ரெச்சரில் உருட்டிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்தக் குழு செய்ததில் உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பின்வாசலில் என் வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போர்வையை உதறிவிட்டு எழுந்தேன்.

"செத்தாச்சா?" என்றாள்.

"ஆச்சு. பாட்டிலைக் கொடு. தலையைச் சாய்."

"காத்து வர்ற சத்தம் கேக்குது. என்ன போட்டிருக்கீங்க?"

"முதுகு இல்லாத கவுன். பேசாம கண்ணைத் தொற."

திறந்தாள். ஒரு சொட்டு. சரியாக விழுந்தது. கை ஆடவில்லை. உள்ளே குழு, டாக்டர், மனைவி, மேலிடம் எல்லாரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கட்டடத்தில் அந்த நேரத்தில் ஒழுங்காகத் திறந்திருந்தது அவள் கண் மட்டும்தான்.

மூடியைத் திருகும்போதுதான் படிக்கட்டில் ஒரு ஆள் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ரேடியோ. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அப்போதே தெரிந்துவிட்டது, விஷயம் பெரிது என்று.

"என்னாச்சுங்க?"

பல் தந்தியடித்தது. "மூக்குல குச்சி விட்டாங்க... பாசிட்டிவ்னாங்க. என் வசனம்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். சபாஷ்னு முதுகுல தட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நெசமாவே குளிருது. முன் வாசலுக்குப் போனேன். படுக்கையெல்லாம் தயாரா இருக்கு, அதனால தர முடியாதுங்கறான் செக்யூரிட்டி."

நர்ஸ் அவர் நெற்றியில் கையை வைத்தாள். கையை எடுத்த வேகத்திலேயே எனக்குப் புரிந்தது. "உடனே படுக்க வைக்கணும். ஆனா எப்படி உள்ள கொண்டு போறது தாத்தா? நெசமான நோயாளின்னா விட மாட்டாங்களே."

நான் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினேன். அவர் கழுத்தில் மாட்டினேன்.

"இப்ப நீங்க மாதிரி. போய்ப் படுங்க."

"வசனம்?" என்றார் ரேடியோ, அந்தக் காய்ச்சலிலும்.

"ஒண்ணும் வேணாம். இருமுங்க, போதும்."

அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளினோம். மௌனம் இன்னும் முடியவில்லை. மேலிடத்து அம்மா போதும் என்று சொல்லட்டும் என்று தலைவர் கண்ணை மூடியபடியே காத்திருந்திருக்கிறார். அந்த அம்மா நின்றபடியே தூங்கிவிட்டார். அவரை முந்திக் கண்ணைத் திறக்கக் குறிப்பெடுக்கிறவருக்கு அதிகாரம் இல்லை. நான் அங்கி பறக்க நின்று, கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். நர்ஸ் ரேடியோவைத் திமில் மெத்தையில் படுக்க வைத்து, இழுத்துப் போர்த்தினாள்.

ரேடியோ இருமினார். பல நாள் பழகின இருமல், நிஜமும் சேர்ந்துகொண்டது. கூடமே அதிர்ந்தது.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். ஆள் செத்துப்போன மெத்தையில் ஒருவர் உட்கார்ந்து இருமுகிறார்.

முதலில் சுதாரித்துக்கொண்டது மைக்தான். "பார்த்தீர்களா!" என்றார் தலைவர். "இறந்தவரையும் எழுப்பிவிட்டது எங்கள் தயார்நிலை!"

"சார்," என்று டிரில் மாஸ்டர் இழுத்தார், "ஆளு மாறின மாதிரி இருக்கே."

"இருக்கிற மாதிரிதான் இருக்கும், விடுங்கன்னா!"

பாட்டு டீச்சர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். அப்புறம், "வந்துட்டீங்களா!" என்று ரேடியோவைக் கட்டிக்கொள்ளப் போனார். நர்ஸ் குறுக்கே கை நீட்டித் தடுத்துவிட்டாள். மேலிடத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே கேடயத்தைக் கொடுத்துவிட்டார். இந்த அளவுக்குக் குணமாகும் விகிதத்தை வேறு எங்கேயும் பார்த்ததில்லை என்றார். அங்கே சேர்ந்தது ஒருவர், செத்தது ஒருவர், பிழைத்தது ஒருவர். அப்படிப்பட்ட விகிதம் வேறு எங்கே வரும்?

அவர்கள் எல்லாரும் சாப்பிடப் போனதும் நர்ஸ் ஊர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். யாரையும் கேட்கவில்லை. வெளியிலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அந்த வண்டியில் பூ இல்லை. டயரில் சேறு அப்பியிருந்தது. மட்கார்டில் ஒரு நசுங்கல். பார்த்தவுடனே நம்பினேன். ரேடியோவை அதில் ஏற்றினார்கள். நிஜ சிலிண்டரிலிருந்து நிஜக் காற்று போனது. ரொம்ப நாள் கழித்து அங்கிருந்து எனக்கு போன் பண்ணினார். பண்ணினவர் வைக்கவே இல்லை. காது சுட்டது. அதிலிருந்தே ஆள் பிழைத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்காரர் எங்கள் அறைக்கு ஒரே தட்டுதான் கொண்டுவந்தார்.

"எனக்கு?" என்றேன்.

"நீங்க இல்லைன்னு சொன்னாங்களே" என்றார் சங்கடத்தோடு. "மைக்ல நானே கேட்டேன்."

தலைவரிடம் போய் நின்றேன். கேடயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்களை இப்ப உயிரோட காட்டினா, இதைத் திருப்பிக் கொடுக்கணுமேங்க" என்றார். அழாத குறை. "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. அடுத்த கூட்டத்துல உங்களைத் தீர்மானம் போட்டு எழுப்பிடறோம்."

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி தட்டில் இருந்ததை இரண்டாகப் பிரித்தாள். பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டு முடித்ததும் மருந்து வேளை. ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் மூடியிருந்தாள்.

"இப்பத் தொறக்கலாமா?" என்றாள்.

"தொற."

திறந்தாள். இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னைச் சரியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மத்தியான வேளை அத்தனை நேரம் தாமதமாகிவிட்டதே, கண் என்ன ஆயிற்றோ.

"எப்படித் தெரியறேன்?"

"ஒரு மாதிரியாத் தெரியறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த மாதிரிடி?"

அவள் கையை நீட்டி என் முகத்தைத் தன் பக்கம் இழுத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். மோவாயில் சவரம் பண்ணாமல் விட்ட முடி வரைக்கும் பார்த்தாள்.

"உசுரோட இருக்கற மாதிரி" என்றாள்.